பேட்டன் நோய் ஆய்வில் செம்மறியாடுகள்

பேட்டன் நோய் என்பது மரபணுக் குறையால் மூளையின் நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிந்துபோகும் ஒரு நோய்த் தொகுதியின் பொதுப்பெயர். பெரும்பாலும் குழந்தைகளுக்கு வருவது. நல்லபடியாகப் பிறந்து, நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்ட குழந்தைக்குச் சில ஆண்டுகளில் பார்வை மங்குகிறது, வலிப்பு வருகிறது. கற்ற சொற்கள் ஒவ்வொன்றாக மறந்துபோகின்றன. பிறகு நடையும் போகிறது. நோயின் வகையைப் பொறுத்துப் பத்து வயதையொட்டியோ இருபதுகளிலோ இறப்பு நேர்கிறது. இதே நோய் செம்மறியாடுகளுக்கும் நாய்களுக்கும் இயற்கையாகவே வருவதுண்டு. அந்த விலங்குகளைக் கொன்று ஒழிக்காமல் பேணி வளர்த்த சிலரால்தான் இந்நோயைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் முக்கியமான பகுதி தெரியவந்தது. நியூசிலாந்தின் செம்மறியாட்டு மந்தைகளை மையமாகக் கொண்டு அந்த வரலாறு இங்கு சொல்லப்படுகிறது.

நோய்க்கு வந்த பெயர்கள்

1826ல் நார்வே நாட்டின் செப்புச் சுரங்க ஊரான ரோரோஸில் மருத்துவராக இருந்த ஒட்டோ கிறிஸ்டியன் ஸ்டெங்கல், ஒரே குடும்பத்தில் உடன்பிறந்த நான்கு பிள்ளைகளுக்கு வந்த விசித்திரமான நோயைப் பதிவுசெய்தார். நால்வரும் நலமாகப் பிறந்தவர்கள். முதலில் கண் போனது, பிறகு அறிவு, பிறகு வலிப்பு, முடிவில் சாவு. இன்று படிக்கும்போது இளம்பருவ பேட்டன் நோயின் சரியான விவரணை அது என்று தெரிகிறது. ஆனால் அக்கட்டுரை நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. 1903ல் லண்டன் மருத்துவர் பிரெடெரிக் பேட்டன் ஒரே குடும்பத்தின் இரு குழந்தைகளைப் பற்றி எழுதினார், நோய்க்கு அவர் பெயர் நிலைத்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதையும் டே-சாக்ஸ் போன்ற நோய்களையும் ஒன்றாகச் சேர்த்து, குருட்டுத்தன்மையும் மூடத்தனமும் குடும்பவழியாக வருவது என்ற பொருளில் ஒரு பெயரால் அழைத்தார்கள். பெற்றோர் காதில் விழக்கூடாத பெயர். 1960களில் வுல்ஃப்காங் ஜீமன் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, இந்நோயில் நரம்பணுக்களுக்குள் சேரும் பொருள் டே-சாக்ஸ் நோயில் சேர்வது அல்ல என்று பிரித்துக் காட்டினார். முதுமையில் உடலணுக்களில் சேரும் மஞ்சள் பழுப்பு நிறமிகளான சீராய்டு, லிப்போஃபஸ்சின் ஆகியவற்றை ஒத்து அது ஒளிர்ந்தது. எனவே 1969ல் ஜீமனும் பால் டைக்கனும் சேர்ந்து நரம்பணு சீராய்டு லிப்போஃபஸ்சினோசிஸ் என்ற நீண்ட பெயரை வைத்தனர். அந்தப் பெயருக்குள்ளேயே ஓர் ஊகம் ஒளிந்திருந்தது: சேர்வது கெட்டுப்போன கொழுப்பு என்பது. எண்ணெய் காறிப்போவதைப் போல அணுவின் கொழுப்புகள் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து தேங்குகின்றன என்று கருதினார்கள். அதற்கேற்ப நோயுற்ற குழந்தைகளுக்கு வைட்டமின் ஈ, வைட்டமின் சி, செலினியம் போன்றவற்றை ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் நிற்கவில்லை.

ஒழிக்க ஒன்று, வளர்க்க ஒன்று

நியூசிலாந்தின் மாஸ்ஸி பல்கலைக்கழகத்தில் கால்நடை நோயியல் அறிஞராக இருந்தவர் ராபர்ட் ஜாலி. 1970களில் இவர் பெயர் பண்ணையாளர்களிடையே அறியப்பட்டது ஆடுகளால் அல்ல, மாடுகளால். அங்குள்ள ஆங்கஸ் இனக் கன்றுகளில் சில தள்ளாடின. தலை நடுங்கியது, வளர்ச்சி குன்றியது, முட்ட வந்தன, பெரும்பாலும் ஓராண்டுக்குள் செத்தன. மேன்னோசிடோசிஸ் என்ற மரபணு நோய் அது. மேன்னோசிடேஸ் என்ற நொதி இல்லாததால் வருவது.

இது ஒடுங்குபண்பு நோய். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதான மரபணுப் படி ஒவ்வொன்று வந்து இரண்டு சேர்ந்தால்தான் நோய் வெளிப்படும். ஒரு படி மட்டும் உள்ள விலங்குக்கு எந்தக் குறையும் தெரியாது, ஆனால் அது மரபணுவைக் கடத்தும். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் நீண்டகாலம் இருந்த நம் ஊர்களில் இத்தகைய நோய்களின் கணக்கு மருத்துவர்களுக்கு நன்றாகவே தெரியும். உயர்ரகக் கால்நடை வளர்ப்பிலும் இதேதான் நடக்கிறது. பெயர்பெற்ற ஒரு பொலிகாளையின் வாரிசுகள் நாடெங்கும் பரவுகின்றன, சில தலைமுறைகளில் அதன் கொள்ளுப்பேரன்களும் கொள்ளுப்பேத்திகளும் ஒன்றோடொன்று சேர்கின்றன.

கடத்தியாக இருக்கும் மாட்டின் இரத்தத்தில் அந்த நொதி ஏறத்தாழ பாதியளவே இருக்கும். ஜாலியும் அவருடைய குழுவினரும் இதைக் கொண்டு இரத்தச் சோதனை ஒன்றை உருவாக்கி, நாடு முழுவதும் ஆங்கஸ் காளைகளைச் சோதித்து, கடத்திகளை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கும் திட்டத்தை நடத்தினார்கள். சில ஆண்டுகளில் நோய் பெருமளவு மறைந்தது.

அதே காலத்தில், 1976ல், ஜாலியும் டேவிட் வெஸ்டும் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். சவுத் ஹாம்ப்ஷயர் இனச் செம்மறி மந்தை ஒன்றில் சில ஆடுகளுக்குக் கண் தெரியாமல் போனதைப் பற்றியது. நலமாகப் பிறந்து நன்றாகவே வளர்ந்த குட்டிகள் ஒரு வயதையொட்டிப் பார்வை இழந்தன. மந்தையோடு சேர்ந்து நகரத் தெரியாமல் தனித்து நின்றன. ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் இறந்தன. திறந்து பார்த்தபோது மூளை சுருங்கியிருந்தது. நரம்பணுக்களுக்குள் குழந்தைகளில் கண்ட அதே ஒளிரும் துகள்கள் இருந்தன.

பண்ணையாளருக்கு இங்கே செய்யவேண்டியது தெளிவு: கிடாவை மாற்று, அந்த வம்சத்தை அறுத்துவிடு. ஆங்கஸ் மாடுகளுக்கு ஜாலி செய்ததும் அதைத்தான். ஆனால் இந்த ஆடுகளை அவர் விடவில்லை. கடத்தி ஆடுகளை வாங்கி, அவற்றைத் தங்களுக்குள் சேரவிட்டு, நோயுற்ற குட்டிகள் தொடர்ந்து பிறக்கும்படியான ஒரு மந்தையை வளர்த்தார். மாட்டில் ஒரு மரபணு நோயை நாட்டைவிட்டே விரட்டிக்கொண்டிருந்த மனிதர், ஆட்டில் இன்னொன்றைக் கவனமாகப் பாதுகாத்தார். இது முரணாகத் தோன்றலாம். ஆனால் அன்றைக்கு பேட்டன் நோயுள்ள குழந்தையின் மூளையைப் பார்க்க இறப்புக்குப் பிந்தைய பரிசோதனை ஒன்றுதான் வழி. அப்போது அழியவேண்டியதெல்லாம் அழிந்து முடிந்திருக்கும். நோய் எங்கே தொடங்கியது, எந்த வரிசையில் பரவியது என்பதை எரிந்து முடிந்த வீட்டின் சாம்பலில் தேடுவது போன்றது அது. தீப்பற்றும் தருணத்தைப் பார்க்க ஆடு வேண்டியிருந்தது.

விலை இல்லாமல் அது கிடைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அந்த மந்தையில் நோயுற்றுப் பிறந்த ஒவ்வொரு குட்டியும் கண்ணிழந்து சாகப்போவது என்று முன்கூட்டியே தெரிந்து பிறக்கச் செய்யப்பட்டது. முற்றிய நிலை வரும் முன் கருணைக்கொலை செய்வது ஆய்வு விதிகளில் இருந்தது. அது துன்பத்தைக் குறைக்கும், கேள்வியை முடித்துவைக்காது.

ஆடு முதல் விலங்கு அன்று. நார்வேயில் நில்ஸ் கொப்பாங் என்ற கால்நடை மருத்துவ அறிஞர் இங்கிலீஷ் செட்டர் இன நாய்களில் இந்நோயை முன்பே ஆராய்ந்துவந்தார். ஸ்டெங்கலின் நாட்டிலேயே அந்த நாய்களும் அகப்பட்டது தற்செயல்தான்.

கொழுப்பா, புரதமா

மாஸ்ஸி மந்தையின் முதல் பெரிய பயன் ஒரு பிழையைத் திருத்தியது. ஜாலியுடன் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் டேவிட் பால்மர், அணுக்களுக்குள் தேங்கும் அந்தத் துகள்கள் உண்மையில் எதனால் ஆனவை என்று கேட்டார். அணுக்களின் கழிவு உடைக்கும் பைகளான லைசோசோம்களில் அவை தேங்கின. குழந்தைகளின் திசு துளியளவே கிடைக்கும், அதை வைத்து வேதியியல் செய்ய முடியாது. ஆட்டிலோ கல்லீரல், கணையம், சிறுநீரகம், மூளை என்று கிராம் கணக்கில் கிடைத்தது. துகள்களை மற்ற அணுப்பொருள்களிலிருந்து பிரித்துத் தூய்மையாக்க அது போதும்.

பிரித்துப் பார்த்தபோது பெயரில் இருந்த ஊகம் உடைந்தது. அவற்றில் இருந்த கொழுப்புகள் இயல்பானவை. காறிப்போன கொழுப்பு எதுவும் இல்லை. துகள்களின் எடையில் பாதிக்கும் மேல் புரதம். அதிலும் பெரும்பகுதி ஒரே ஒரு சிறிய புரதம்.

எந்தப் புரதம் என்று கண்டுபிடிக்க கேம்பிரிட்ஜ் செல்லவேண்டியிருந்தது. அங்குள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் ஜான் வாக்கரும் இயன் ஃபியர்ன்லியும் அதன் அமினோ அமில வரிசையைப் படித்தார்கள். வாக்கருக்கு அது பழகிய முகமாக இருந்தது. அவர் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தது ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற நொதியை. மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் பதிந்து, அணுவின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யை உருவாக்கும் சுழலும் எந்திரம் அது. ஆட்டின் துகள்களில் குவிந்திருந்தது அந்த எந்திரத்தின் ஓர் உறுப்பு, 75 அமினோ அமிலங்கள் கொண்ட சி துணையலகு. இம்முடிவு 1989ல் வெளியானது. ஏ.டி.பி. சிந்தேஸ் ஆய்வுக்காக வாக்கர் 1997ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இத்தனை காலம் இது கொழுப்பாகத் தெரிந்தது ஏன்? சி துணையலகு நீரை அண்டவிடாத புரதம். கொழுப்பைக் கரைக்கும் குளோரோஃபார்ம், மெத்தனால் கலவையில் அதுவும் கரைந்துவிடும். புரதம் கொழுப்பின் வேடத்தில் இருந்தது, வேடத்தை நம்பிப் பெயரும் வைத்து மருந்தும் கொடுத்துவிட்டார்கள். தொடர்ந்த ஆய்வுகளில் குழந்தைகளுக்கு வரும் பேட்டன் நோய் வகைகளில் பலவற்றிலும் இதே புரதம் தேங்குவது உறுதியானது. மழலைப் பருவ வகையில் மட்டும் சாப்போசின் என்ற வேறு புரதங்கள். மைட்டோகாண்ட்ரியாவில் குறை இல்லை, அது புரதத்தைச் சரியாகவே தயாரிக்கிறது. பழையதை உடைத்து வெளியேற்றும் இடத்தில்தான் அடைப்பு. இந்நோய் லைசோசோம் கோளாறு என்ற இன்றைய வகைப்பாட்டுக்கு இது அடித்தளமானது.

பெயர் மட்டும் மாறவில்லை. மருத்துவ நூல்களில் இன்றும் லிப்போஃபஸ்சினோசிஸ்தான்.

எலி போதாதா

1990களின் நடுவிலிருந்து பேட்டன் நோயின் மரபணுக்கள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. சி.எல்.என். என்ற எழுத்துகளோடு எண் சேர்த்து அவை குறிக்கப்படுகின்றன. இன்று 1 முதல் 14 வரை வரிசை போகிறது, இடையில் ஒன்பதாம் எண்ணுக்கான மரபணு அகப்படவில்லை. மரபணு தெரிந்தால் அதைப் பழுதாக்கிய எலியை ஆய்வகத்திலேயே உருவாக்கிவிடலாம். மலிவு, இடம் சிறிது, சில மாதங்களில் விடை. பிறகு எதற்கு ஆட்டு மந்தை?

எலியின் மூளை அரை கிராம்கூட இராது, மேற்பரப்பு வழவழவென்றிருக்கும். ஆட்டின் மூளை நூறு கிராமுக்கு மேல், மனித மூளையைப் போலவே மடிப்புகளும் பள்ளங்களும் கொண்டது. மனித மூளை ஏறத்தாழ 1,300 கிராம். எலியின் மூளையில் ஓரிடத்தில் செலுத்திய மருந்து ஒரு சில மில்லிமீட்டர் பரவினால் முழு மூளைக்கும் போய்ச் சேரும். குழந்தையின் மூளையில் அதே மில்லிமீட்டர் ஒரு புள்ளி. எலி இரண்டு மூன்று ஆண்டுகளே வாழும், அதன் மூளை வளர்ச்சியில் கணிசமான பகுதி பிறந்த பிறகு நடக்கிறது. ஆட்டுக்குட்டி ஐந்து மாதம் கருவிலிருந்து, பிறந்த அன்றே எழுந்து நடக்கும் மூளையோடு வெளிவருகிறது.

இவையெல்லாம் பொதுவான காரணங்கள். பேட்டன் நோயில் இதைவிடக் கூர்மையான ஒரு காரணம் வெளிப்பட்டது. பால்மர் பின்னர் கிறைஸ்ட்சர்ச் நகருக்கு அருகிலுள்ள லிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். அங்கு வெவ்வேறு வயதுகளில் ஆட்டு மூளைகளை வரிசையாகப் பார்த்தபோது, அழிவு எல்லா இடத்திலும் ஒரேயடியாக நிகழவில்லை என்று தெரிந்தது. துகள்கள் மூளை முழுவதும் சேர்கின்றன. ஆனால் நரம்பணுக்கள் முதலில் சாவது பெருமூளைப் புறணியில், குறிப்பாகப் பார்வைக்கும் தொடுவுணர்வுக்கும் உரிய பகுதிகளில். சிறுமூளை வெகுகாலம் தப்பிக்கிறது. அதே மரபணு பழுதான எலியிலோ தலாமஸ் பகுதி முதலில் அழிகிறது, புறணி பிறகு. நோய் ஒன்று, பழுதான மரபணு ஒன்று, மூளைக்குள் அது நடந்துபோகும் பாதை வேறு.

இன்னொன்று, நரம்பணுக்கள் சாகும் முன்பே அவற்றைச் சுற்றியுள்ள துணையணுக்கள் கிளர்ந்தெழுகின்றன. 2006ல் வெளியான ஆய்வு இந்தக் கிளர்ச்சி ஆட்டுக்குட்டி பிறப்பதற்கு முன்பே, கருவிலேயே தொடங்கிவிடுவதைக் காட்டியது. கண் தெரியாமல் போவதற்கு ஓராண்டுக்கும் முன்னதாக. துள்ளித் திரியும் குட்டியின் தலைக்குள் நோய் ஏற்கனவே வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. தேங்கும் புரதமே நரம்பணுவைக் கொல்கிறது என்ற எளிய விளக்கம் இதற்குப் பின் நிற்க முடியவில்லை. சிகிச்சை எப்போது தொடங்கவேண்டும் என்ற கேள்விக்கும் இது கலக்கமான விடையைத் தந்தது.

உண்டாக்கப்பட்ட நோய்

இயற்கையாக நோயுள்ள பெரிய விலங்கு எல்லா நரம்பு நோய்க்கும் கிடைப்பதில்லை. ஹண்டிங்டன் நோய்க்குக் கிடைக்கவில்லை. நடுவயதில் உடல் தன்னிச்சையாக அசைந்து, மனம் சிதைந்து, பெற்றோரில் ஒருவரிடமிருந்து பாதிக்குப் பாதி வாய்ப்போடு பிள்ளைக்கு வரும் நோய் இது. மரபணு 1993ல் கண்டறியப்பட்டது. பெரிய விலங்கு வேண்டுமானால் மனித மரபணுவைப் புகுத்தி உண்டாக்கவேண்டும்.

2008ல் அமெரிக்காவில் குரங்குகளில் அதைச் செய்தார்கள். பிறந்த குட்டிகளில் சில ஒரு மாதம்கூடத் தாண்டவில்லை. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆய்வாளர்கள் சேர்ந்து மெரினோ செம்மறிகளில் அதைச் செய்து 2010ல் அறிவித்தனர். அந்த மந்தை தெற்கு ஆஸ்திரேலியாவில் வளர்ந்தது. ஆண்டுகள் போயின. ஆடுகள் மேய்ந்தன, குட்டி போட்டன, நோயாளியைப் போல எந்த ஆடும் நடந்துகொள்ளவில்லை. வெளிப்பார்வைக்குத் தோல்வி. ஆனால் உள்ளே மாற்றங்கள் இருந்தன: தூக்க விழிப்புச் சுழற்சி குலைந்திருந்தது, மூளையில் யூரியா மிகுந்திருந்தது. 2017ல் இந்த யூரியா மிகுதி இறந்த நோயாளிகளின் மூளையிலும் உறுதிசெய்யப்பட்டது. நோய் வெளிப்படும் முன்னான நிலையைப் படிக்க அந்த ஆடுகள் உதவின. நரம்பணு அழிவைப் பெரிய அளவில் காட்டிய விலங்கு 2018ல் சீனாவின் குவாங்சோ ஆய்வாளர்கள் மரபணுத் திருத்தத்தால் உருவாக்கிய பன்றி.

இந்த ஒப்பீட்டில் எனக்குப் படுவது இதுதான். ஆய்வகத்தில் உண்டாக்கிய விலங்கில் நாம் எதை வைத்தோமோ அதைத்தான் பெரும்பாலும் தேடுகிறோம். மந்தையில் தானாக வந்த நோய் யாருடைய ஊகத்துக்கும் கட்டுப்பட்டதன்று. கொழுப்பு என்ற ஊகத்தை உடைக்க அந்தக் கட்டுப்பாடின்மையே தேவைப்பட்டது.

டாஷண்ட் நாயிலிருந்து மருந்துக்கு

பேட்டன் நோய்க்கு முதன்முதலில் அங்கீகாரம் பெற்ற மருந்து நாய்களின் வழியே வந்தது. சி.எல்.என்.2 வகையில் இரண்டு முதல் நான்கு வயதில் வலிப்போடு நோய் தொடங்கும். குறைவது டி.பி.பி.1 என்ற லைசோசோம் நொதி என்பதை 1997ல் நியூஜெர்சியில் பீட்டர் லோபெல், டேவிட் ஸ்லீட் குழுவினர் கண்டுபிடித்தனர். நீள்முடி டாஷண்ட் நாய்களில் சிலவற்றுக்கு இதே மரபணு பழுதுபட்டிருப்பதை மிசூரி பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் காட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 2006ல் அறிவித்தனர். அந்த நாய்க்குட்டிகள் பத்துப் பதினோரு மாதத்தில் முற்றிய நிலைக்கு வந்துவிடும்.

இங்கே ஒரு பழைய கண்டுபிடிப்பு கைகொடுத்தது. லைசோசோம் நொதிகளில் பல அணுவுக்கு வெளியே கசியும், பக்கத்து அணு அவற்றை உறிஞ்சிக்கொண்டு பயன்படுத்தும். 1968ல் எலிசபெத் நியூஃபெல்டின் ஆய்வகத்தில் இரண்டு வெவ்வேறு நோயாளிகளின் அணுக்களைக் கலந்து வளர்த்தபோது ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்ததில் இது தெரியவந்தது. எனவே வெளியிலிருந்து நொதியைக் கொடுத்தால் போதும். இரத்தத்தில் கொடுத்தால் மூளைக்குள் போகாது என்பதால், மூளையின் உள்ளறைகளில் சுற்றும் நீருக்குள் நேரடியாகச் செலுத்தினார்கள், இரு வாரத்துக்கு ஒருமுறை.

நாய்களில் முதலில் ஒவ்வாமை வந்தது. உடலில் ஒருபோதும் இல்லாத புரதம், அதுவும் மனிதப் புரதம். முன்கூட்டியே ஒவ்வாமை மருந்து கொடுத்து அதைச் சமாளித்தார்கள். இன்று குழந்தைகளுக்கும் மருந்து ஏற்றும் முன் அப்படித்தான் செய்கிறார்கள். மருந்து பெற்ற நாய்கள் நடை தளரத் தாமதமானது, அதிக காலம் வாழ்ந்தன. டி வடிவப் பாதையில் உணவிருக்கும் பக்கத்தைக் கற்றுக்கொள்ளும் சோதனையிலும் சிகிச்சையற்ற நாய்களைவிட மேலாக இருந்தன. பிறகு 24 குழந்தைகளிடம் சோதனை நடந்தது. பேச்சையும் நடையையும் இழக்கும் வேகம், சிகிச்சை பெறாத முந்தைய நோயாளிகளின் பதிவுகளோடு ஒப்பிடும்போது வெகுவாகக் குறைந்தது. 2017ல் செர்லிபோனேஸ் ஆல்ஃபா என்ற இம்மருந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அங்கீகாரம் பெற்றது. தலைத்தோலின் கீழ் பொருத்திய கருவி வழியாக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணிநேரத்துக்கு மேல், காலவரையின்றி.

நாய்கள் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே சொல்லியிருந்தன. மூளைநீரில் கொடுத்த நொதி விழித்திரையைக் காப்பாற்றவில்லை. குழந்தைகளிடமும் மருந்து தொடங்கிய பிறகு பார்வை தொடர்ந்து போனது. மற்றது, மரபணுவைச் சுமந்த வைரஸை மூளைக்குள் செலுத்தி உயிர் நீட்டிக்கப்பட்ட நாய்களில் இதயமும் மற்ற உறுப்புகளும் பழுதுபட்டிருப்பது 2017ல் தெரிந்தது. மூளை முதலில் செத்ததால் அதுவரை இதயத்தின் முறை வந்ததே இல்லை.

போர்டர்டேல் ஆடுகள்

போர்டர் லெஸ்டர், காரிடேல் ஆகிய இரண்டையும் கலந்து நியூசிலாந்தில் உருவான செம்மறி இனம் போர்டர்டேல். அதிலும் பேட்டன் நோய் உள்ளதை ஜாலியும் மற்றவர்களும் 2002ல் எழுதினார்கள். 2008ல் காரணம் சி.எல்.என்.5 மரபணு என்று உறுதியானது. சவுத் ஹாம்ப்ஷயர் ஆடுகளின் நோய் சி.எல்.என்.6 வகை. இந்த வேறுபாடு பெரியது. சி.எல்.என்.6 புரதம் அணுவின் உட்சவ்வில் பதிந்திருப்பது, வெளியே கசியாது. சி.எல்.என்.5 கசியும். எனவே சில அணுக்களுக்கு நல்ல மரபணு கிடைத்தாலும் அண்டையிலுள்ளவை பயன்பெறும். சி.எல்.என்.5 வகை முதலில் ஃபின்லாந்துக் குடும்பங்களில் அறியப்பட்டது. அந்தக் குழந்தைகளுக்கான சோதனைக்களம் உலகின் மறுகோடியில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் அமைந்தது.

லிங்கனில் பால்மர், நாடியா மிட்செல் ஆகியோரின் குழு நல்ல மரபணுவைச் சுமந்த வைரஸை ஆடுகளின் மூளைக்குள் ஒரே ஒருமுறை செலுத்தியது. பிறகு காத்திருந்தது. மாதங்கள் செல்லச்செல்ல சி.டி. ஸ்கேனில் மூளையின் கனஅளவு அளக்கப்பட்டது, நடை, நடத்தை, பார்வைக்கு மதிப்பெண் இடப்பட்டது. 2018ல் வெளியான முடிவில், நோய்க்குறிகள் தோன்றும் முன் சிகிச்சை பெற்ற ஆடுகளின் மூளை சுருங்கவில்லை. சிகிச்சை பெறாத உடன்பிறப்புகள் இறந்த வயதைத் தாண்டி அவை நலமாக நடமாடின. ஏழு மாத வயதில், குறிகள் தொடங்கிய பிறகு பெற்றவற்றிலும் நோயின் வேகம் தணிந்தது. கண் மட்டும் இங்கேயும் தப்பவில்லை. பின்னர் கண்ணுக்குள் தனியாக வைரஸைச் செலுத்தியபோது விழித்திரையும் பெருமளவு காக்கப்பட்டது.

இத்தனைக்கும் சி.எல்.என்.5 புரதம் அணுவுக்குள் என்ன வேலை செய்கிறது என்று அப்போது எவருக்கும் தெரியாது. லைசோசோமுக்குத் தேவையான ஒரு தனிவகைக் கொழுப்பை உருவாக்கும் நொதி அது என்று 2023ல்தான் கண்டுபிடித்தார்கள். ஜீமன் தேடிய கொழுப்பு கடைசியில் கதைக்குள் வந்தது, அவர் நினைத்த வாசல் வழியாக அல்ல.

ஆட்டு முடிவுகளை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவில் நியூரோஜீன் என்ற நிறுவனம் சி.எல்.என்.5 நோயுள்ள குழந்தைகளுக்கான மரபணு சிகிச்சைச் சோதனையைத் தொடங்கியது. மூளைக்கும் கண்ணுக்கும் சேர்த்தே செலுத்தும் முறை, ஆடுகளிடம் கற்றது போலவே. 2022ல் முதல் குழந்தைக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. 2024 நவம்பரில், விரைவு மதிப்பீட்டுக்கான தனித் தகுதியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தர மறுத்த பின், இத்திட்டத்தை மேற்கொண்டு நடத்தப்போவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது.